ஒரே பேட்ச்சில் பத்து விரல்களையும் வைக்காதீர்கள்

குறும்படங்களுக்கும் இணையத் தொடர்களுக்கும் சொந்த அறையில் கணினி முன் அமர்ந்து பின்னணி இசை அமைக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்களில் பலர் அனுப்பும் இசையைத் தொடர்ந்து கேட்டுவருகிறேன். மெட்டு நன்றாக இருக்கிறது. தாளக்கட்டில் துணிச்சல் இருக்கிறது. காட்சியை எங்கே தனியாகப் பேசவிட வேண்டும், இசை எங்கே உள்ளே வர வேண்டும் என்ற தெளிவு உங்கள் வயதுக்கு வியப்பூட்டும் அளவுக்கு இருக்கிறது. ஆனால் ஸ்ட்ரிங்ஸ் நுழைந்ததும் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடுகிறது. சாந்தைக் குழைத்துச் சுவர் முழுக்கப் பூசியதுபோல ஒரே கனம், ஒரே நிறம். வயலின் எது, வயோலா எது, செல்லோ எது என்று காதால் பிரிக்க முடிவதில்லை. கேட்டால், நல்ல லைப்ரரி வாங்கப் பணமில்லை என்கிறீர்கள். காரணம் பணம் அல்ல என்பதைச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

நீங்கள் செய்வது இதுதான். 'ஃபுல் ஸ்ட்ரிங்ஸ்' என்றோ 'என்சாம்பிள்' என்றோ பெயரிட்ட ஒரு பேட்ச்சை ஏற்றுகிறீர்கள். பியானோ வாசிப்பதுபோல இரண்டு கைகளாலும் கார்டு பிடிக்கிறீர்கள். முழு அளவிலான சிம்பொனி இசைக்குழுவில் முதல் வயலின் 16 பேர், இரண்டாம் வயலின் 14, வயோலா 12, செல்லோ 10, டபுள் பாஸ் 8 என்று 60 பேர் வில் பிடிப்பது வழக்கம். அத்தகைய குழுவைப் பதிவுசெய்த பேட்ச்சில், மேல் ஸ்தாயியில் நான்கு கட்டைகளை ஒன்றாக அழுத்தினால், 16 பேர் சேர்ந்து வாசித்த ஒலி நான்கு மடங்காகிறது. 64 வயலின்கள்! நேரில் அதே 16 பேர், நான்கு நான்கு பேராகப் பிரிந்து அந்த நான்கு சுரங்களைப் பங்கிட்டுக்கொள்வார்கள். கார்டு விரிய விரிய ஒவ்வொரு சுரமும் மெலியும். இசைக்குழு என்று நம் காது அடையாளம் காண்பது அந்த மெலிவையும் சேர்த்துத்தான்.

இன்னொரு கேடும் உண்டு. ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குக் கை தாவும்போது எல்லாச் சுரங்களும் ஒரே திசையில் தாவுகின்றன. வயோலா வாசிப்பவர் அப்படித் தாவமாட்டார். இரண்டு கார்டுக்கும் பொதுவான சுரம் தன்னிடம் இருந்தால் அதிலேயே நிற்பார், இல்லாவிட்டால் பக்கத்துச் சுரத்துக்கு நகர்வார். மேலே முதல் வயலின் ஏறும்போது கீழே பாஸ் இறங்கும். அந்த எதிர்நடையில்தான் உயிர் இருக்கிறது. பத்து விரல்களால் ஒரே பேட்ச்சில் வாசிக்கும்போது அதற்கு இடமே இல்லாமல் போகிறது.

இளையராஜா பின்னணி இசையை நேராக இசைத்தாளில் எழுதுபவர் என்பது நாடறிந்த செய்தி. அந்தத் தாளில் புல்லாங்குழலுக்கு ஒரு வரி, செல்லோவுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியும் பிறகு ஒரு கலைஞரின் ஸ்டாண்டில் போய் உட்காரும். எழுதும்போதே அந்த வரியை யார் வாசிக்கப்போகிறார், அவருக்கு மூச்சு எங்கே வேண்டும், வில் எங்கே திரும்பும் என்பதெல்லாம் முடிவாகிவிடுகிறது. உங்கள் மென்பொருளில் இடப்பக்கம் தெரியும் ட்ராக் பட்டியல்தான் உங்களுடைய இசைத்தாள். அதில் எத்தனை வரிகள், எந்த வரிசையில், ஒவ்வொன்றும் எங்கே அமர்ந்து எவ்வளவு பலத்தில் ஒலிக்கிறது என்று தீர்மானிப்பது இசை எழுதுவதற்கு முந்தைய எடுபிடி வேலை அல்ல. ஆர்கெஸ்ட்ரேஷன் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஆகவே முதலில் ஒரு டெம்ப்ளேட் கட்டுங்கள். வெளிநாட்டு இசையமைப்பாளர்கள் காணொளிகளில் காட்டும் நூற்றுக்கணக்கான ட்ராக்குகளைப் பார்த்து மிரள வேண்டாம். பதினேழு ட்ராக் போதும். மேலே மரக்காற்று வாத்தியங்கள்: புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன். அடுத்து ஹார்ன், ட்ரம்பெட், ட்ராம்போன், டியூபா. பிறகு டிம்பானி, மற்ற தாள வாத்தியங்கள், ஹார்ப், செலஸ்டா. அடியில் முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ். அச்சிட்ட சிம்பொனி ஸ்கோர்களில் இதுதான் வரிசை. அதை மாற்றாதீர்கள். ஒரு நாள் உண்மையான ஸ்கோரைத் திறக்கும்போது கண் தானாக இடம் கண்டுபிடிக்கும்.

இதற்கெல்லாம் பணம் வேண்டுமா? பிபிசி சிம்பொனி இசைக்குழுவை லண்டனின் மைடா வேல் ஸ்டுடியோவில் பதிவுசெய்து, ஸ்பிட்ஃபயர் ஆடியோ 2019-இல் ஒரு பெரிய லைப்ரரியை வெளியிட்டது. அதன் 'டிஸ்கவர்' பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஏறத்தாழ 200 எம்பி இடம்தான் பிடிக்கும். மைக் தேர்வு கிடையாது, வாசிப்பு முறைகளும் குறைவு. ஆனால் எல்லா வாத்தியங்களும் ஒரே அறையில், தத்தம் இருக்கையிலிருந்து பதிவானவை. 'விஎஸ்சிஓ 2 கம்யூனிட்டி எடிஷன்' என்று இன்னொன்று, எந்த உரிமைக் கட்டுப்பாடும் இல்லாமல் பொதுவில் விடப்பட்டது. இவற்றைத் தனித்தனி ட்ராக்கில் வைத்து, ஒவ்வொரு வரியாக எழுதியவரின் இசை, விலையுயர்ந்த லைப்ரரியின் என்சாம்பிள் பேட்ச்சில் கார்டு அழுத்தியவரின் இசையைவிட நன்றாக ஒலிக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

க்ராக் செய்த லைப்ரரிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த ஒலிகளை ஒவ்வொரு சுரமாக, மெல்ல, உரக்க, திரும்பத் திரும்ப வாசித்துக் கொடுத்தவர்களும் நம்மைப்போல் இசையால் பிழைப்பவர்கள். உங்கள் பாட்டை யாராவது திருடினால் நீங்கள் கொதிப்பீர்கள். இலவசமாகவும் முறையாகவும் கிடைப்பது இவ்வளவு இருக்கும்போது திருட்டுக்கு எந்த நியாயமும் இல்லை.

இனி வாத்தியங்களை உள்ளே கொண்டுவரும் வேலை. கான்டாக்ட் போன்ற சாம்ப்ளரில் இரண்டு வழி உண்டு. ஒரே கான்டாக்ட்டுக்குள் பல வாத்தியங்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மிடி சேனல் கொடுப்பது ஒன்று. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனிக் கான்டாக்ட் திறப்பது மற்றொன்று. முதல் வழியில் ஒரு மிடி போர்ட்டுக்கு 16 சேனல்தான். 1983-இல் மிடி வந்தபோது வகுத்த எல்லை அது. அதோடு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியையும் தனி அவுட்புட்டில் வெளியே எடுத்து மிக்ஸரில் இணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் பதினாறு வாத்தியமும் ஒரே ஃபேடரில் வந்து விழும், மறுபடியும் அதே சாந்துச் சுவர்தான். ஓபோவை அழுத்தினால் செல்லோவும் சேர்ந்து ஒலிக்கிறது என்று திகைப்பவர்கள், இரண்டு வாத்தியமும் ஒரே சேனலிலோ, எல்லாச் சேனலையும் கேட்கும் 'ஆம்னி'யிலோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எஃப்எல் ஸ்டுடியோவில் இந்த வழியைப் பின்பற்றுபவர்கள், கான்டாக்ட்டின் ராப்பரில் ஒரு போர்ட் எண் கொடுத்து, அதே எண்ணில் 'மிடி அவுட்' சேனல்களைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் சேனலை மட்டும் மாற்ற வேண்டும். போர்ட் எண் பொருந்தாவிட்டால் எதுவும் ஒலிக்காது.

என் தீர்ப்பு இரண்டாவது வழிக்கே. ஒரு வாத்தியம், ஒரு ட்ராக், ஒரு பிளக்-இன். கணினிகள் வலுக்குறைவாக இருந்த காலத்தில் முதல் வழிக்குக் காரணம் இருந்தது. இன்று அந்தச் சிக்கனத்தால் மிச்சமாவதைவிடச் சிக்கலே அதிகம். தனி ட்ராக் என்றால் வேண்டாதபோது அணைக்கலாம், ஃப்ரீஸ் செய்யலாம், பழைய படத்திலிருந்து புதிய படத்துக்கு அப்படியே தூக்கிப் போகலாம். ஸ்பிட்ஃபயரின் சொந்தப் பிளக்-இன்னில் எப்படியும் ஒரு நேரத்தில் ஒரு வாத்தியம்தான் ஏறும்.

கணினியின் சுமை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் இந்தப் பதினேழு ட்ராக் தாராளமாக ஓடும். சாம்பிள்களை எஸ்எஸ்டியில் வையுங்கள். 1998-இல் வந்த கிகாசாம்ப்ளர், முழு ஒலியையும் ரேமில் ஏற்றாமல் தொடக்கத்தை மட்டும் ஏற்றி மீதியை டிஸ்கிலிருந்து ஓடவிடலாம் என்று காட்டியது. இன்றைய சாம்ப்ளர்கள் நடப்பது அந்த வழியில்தான். எஸ்எஸ்டி இருந்தால் கான்டாக்ட்டில் அந்தத் தொடக்கப் பகுதியின் அளவைக் குறைத்து ரேமை மிச்சப்படுத்தலாம். பயன்படாத சாம்பிள்களைப் 'பர்ஜ்' செய்யலாம். வாசித்துப் பதிவுசெய்யும்போது பஃபர் 256 போதும். 48 கிலோஹெர்ட்ஸில் அது 5 மில்லிநொடிக்குச் சற்று அதிகம், விரலுக்குத் தெரியாது. மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு ஏற்றிவிடுங்கள். படத்துக்கு என்றால் தொடக்கத்திலிருந்தே 48 கிலோஹெர்ட்ஸ்.

அடுத்து வாசிப்பு முறைகள். ஒரு வயலின் பகுதி வில்லை இழுத்து நீட்டும், துள்ளவிடும், விரலால் மீட்டும், நடுங்கவிடும். லைப்ரரியில் இவை தனித்தனி ஒலிகள். கீழ் ஸ்தாயியில் யாரும் வாசிக்காத கட்டைகளை அழுத்தி இவற்றுக்கிடையே மாறும் ஏற்பாட்டைக் கீ-ஸ்விட்ச் என்கிறோம். கியூபேஸில் எக்ஸ்பிரஷன் மேப், லாஜிக்கில் ஆர்டிகுலேஷன் செட் என்று, இதை ஒழுங்காகப் பெயரிட்டு வைக்கும் வசதிகள் உண்டு. ஒரு முறை உட்கார்ந்து செய்துவிட்டால் பிறகு எந்தக் கட்டை எதற்கு என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இங்கே பலரைக் குழப்பும் ஓர் இடம்: லைப்ரரியின் கையேட்டில் கீ-ஸ்விட்ச் சி0 என்று போட்டிருக்கும், நீங்கள் சி0 அழுத்துவீர்கள், ஒன்றும் நடக்காது. மிடியில் நடு 'சி' என்பது 60-ஆம் எண். அதைக் கியூபேஸும் கான்டாக்ட்டும் சி3 என்கின்றன, ரீப்பர் சி4 என்கிறது, எஃப்எல் ஸ்டுடியோ சி5 என்கிறது. கான்டாக்ட் கையேட்டில் சி0 என்றிருந்தால் எஃப்எல் ஸ்டுடியோவின் பியானோ ரோலில் அது சி2. லைப்ரரி பழுதில்லை, பெயர்தான் வேறு.

எல்லா வாசிப்பு முறைகளையும் ஒரே ட்ராக்கில் கீ-ஸ்விட்ச்சால் கையாள்வதா, தனித்தனி ட்ராக்கில் வைப்பதா என்று கேட்பீர்கள். ட்ராக் எண்ணிக்கை சற்றுக் கூடினாலும், ஸ்ட்ரிங்ஸில் மட்டுமாவது நீள ஒலிக்கு ஒரு ட்ராக், குறு ஒலிக்கு ஒரு ட்ராக் என்று பிரியுங்கள் என்பேன். காரணம், தாமதம். லெகாட்டோ என்பது ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வில் எடுக்காமல் போகும் அந்த இடைவழியையும் பதிவுசெய்து வைத்திருப்பது. அந்த இடைவழி ஒலித்து முடிந்த பிறகே அடுத்த சுரம் முழுமையாக வந்து சேரும். சினிமாட்டிக் ஸ்டுடியோ ஸ்ட்ரிங்ஸ் என்ற லைப்ரரியில் மெதுவான லெகாட்டோவுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடி ஆகிறது. நிமிடத்துக்கு 120 துடிப்பு என்ற நடையில் ஒரு துடிப்பு அரை நொடி. அதாவது சுரம் அரைத் துடிப்புக்கும் மேல் பிந்தி வருகிறது. நீங்கள் க்வான்டைஸ் செய்து கட்டத்தோடு கச்சிதமாக ஒட்டவைத்தால் வயலின்கள் எப்போதும் தாளத்தை விட்டுப் பின்தங்கியே ஒலிக்கும். பலர் இதைக் கேட்டுவிட்டு லைப்ரரி சரியில்லை என்று தூக்கிப்போடுகிறார்கள். ட்ராக்கின் டிலே அளவை மைனஸில் வைத்தால், அந்த ட்ராக் முழுவதும் அவ்வளவு முன்கூட்டியே ஒலிக்கும். குறு ஒலிகளுக்குத் தாமதம் மிகக் குறைவு. அதனால்தான் இரண்டையும் ஒரே ட்ராக்கில் வைத்தால் ஒன்றைச் சரிசெய்ய மற்றது கெடும். ஒவ்வொரு வாத்தியத்தையும் மெட்ரோனோமோடு ஒலிக்கவிட்டுக் காதால் கேட்டு அந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள். ட்ராக்கின் பெயரோடு சேர்த்து எழுதிவையுங்கள்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயம். சுரம் பிறந்த பிறகு அதற்கு என்ன நடக்கிறது?

பியானோவில் கட்டையை அழுத்தியபின் சுரம் உங்கள் கையில் இல்லை, தேய்ந்துகொண்டே போகும். வில்லோ மூச்சோ அப்படியல்ல. சுரம் ஒலிக்கும் நேரம் முழுவதும் கலைஞர் அதைச் செதுக்கிக்கொண்டே இருக்கிறார். மிடியில் அந்த வேலையைச் செய்பவை கன்ட்ரோலர்கள். பெரும்பாலான லைப்ரரிகளில் சிசி 1, அதாவது மாடுலேஷன் வீல், மெல்ல வாசித்த பதிவிலிருந்து உரக்க வாசித்த பதிவுக்குக் கொண்டுபோகும். ஒலியின் அளவோடு நிறமும் மாறும். சிசி 11, எக்ஸ்பிரஷன், அளவை மட்டும் மாற்றும். சிசி 7 வாத்தியத்தின் பொது அளவு. டெம்ப்ளேட்டில் ஒரு முறை வைத்துவிட்டு அதைத் தொடவே கூடாது. இடக்கையில் சிசி 1, சிசி 11 இரண்டுக்கும் இரண்டு ஃபேடர், வலக்கையில் சுரம். விலைகுறைந்த மிடி கன்ட்ரோலர்களிலேயே ஃபேடர்கள் வருகின்றன. மவுஸால் கோடு வரைவதைவிடக் கையால் வாசித்துப் பதிவுசெய்வதே மேல். கை நடுக்கமும் சேர்ந்து பதிவாகட்டும், அது நல்லதே.

கன்ட்ரோலரே தொடாமல் நீளச் சுரங்களை அழுத்தி விடுவதும், குறு ஒலிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வெலாசிட்டி கொடுப்பதும் உங்கள் இசையில் நான் மிக அதிகமாகக் கேட்கும் குறைகள். ஒரு வாக்கியத்தைப் பாடிப் பாருங்கள். எங்கே அழுத்தம் ஏறுகிறது, எங்கே தணிகிறது, எங்கே மூச்சு வாங்குகிறீர்கள்? ஃபேடர் அதையே செய்யட்டும். கிளாரினெட்டும் ஹார்னும் மூச்சு வாங்க இடைவெளி விடுங்கள். கேட்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் மூச்சே விடாமல் ஒலிக்கும் ஓபோவை அவர் நம்பமாட்டார்.

இடம் பற்றிச் சொல்கிறேன். ரசிகரின் பார்வையில், பொதுவாக முதல் வயலின்கள் இடப்பக்கம், செல்லோவும் பாஸும் வலப்பக்கம், மரக்காற்று நடுவில் பின்னால், அதற்கும் பின்னால் பித்தளை வாத்தியங்கள். பிபிசி லைப்ரரியைப்போல அந்தந்த இருக்கையிலேயே பதிவுசெய்த ஒலிகளை நீங்கள் மறுபடியும் பேன் செய்யக் கூடாது. செய்தால் அறை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். எதிரொலி மிகக் குறைந்த அறையில் பதிவான ஒலிகள் வேறு; வியன்னா சிம்பொனிக் லைப்ரரி தன் தொடக்ககாலப் பதிவுகளை அதற்கென்றே கட்டிய 'சைலன்ட் ஸ்டேஜ்' அறையில் செய்தது. அவற்றுக்கு இடமும் எதிரொலியும் நீங்கள்தான் தர வேண்டும். இரண்டு வகையையும் கலக்கும்போது அளவாகக் கலவுங்கள். ஒவ்வொரு ட்ராக்கிலும் ஒரு ரிவெர்ப் போடும் பழக்கத்தை விடுங்கள். வாத்தியக் குடும்பத்துக்கு ஒரு பஸ், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு ஹால் ரிவெர்ப், அதற்கு ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் கொஞ்சம் சென்ட். எல்லோரும் ஒரே அறையில் இருக்கிறார்கள் என்று காது நம்ப வேண்டும்.

பலம் பற்றி ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் தெளிவான ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். அவர் மறைந்தபின் 1913-இல் வெளிவந்த ஆர்கெஸ்ட்ரேஷன் நூலில் அது இருக்கிறது. உரத்து வாசிக்கும்போது ஒரு ட்ரம்பெட்டும் ஒரு ட்ராம்போனும் சம பலம். அந்த ஒன்றுக்கு ஈடுகொடுக்க இரண்டு ஹார்ன் வேண்டும். ஒரு ஹார்னுக்கு ஈடுகொடுக்க மரக்காற்றில் இரண்டு வாத்தியம் வேண்டும். ஆனால் லைப்ரரிகளோ ஒவ்வொரு வாத்தியத்தையும் நன்றாகக் கேட்கும் அளவுக்கு உயர்த்தியே தருகின்றன. உங்கள் திரையில் புல்லாங்குழலும் ட்ராம்போனும் ஒரே பலத்தில் நிற்கின்றன. அதனால்தான் நீங்கள் எழுதும் புல்லாங்குழல், ட்ராம்போன்களுக்கு மேல் அனாயாசமாக மிதக்கிறது. டெம்ப்ளேட் கட்டும்போதே சிசி 1-ஐ உச்சத்தில் வைத்து, இந்தக் கணக்கைக் காதால் சோதித்து, ஃபேடர்களை நிலைநிறுத்துங்கள். ஒரு நல்ல நேரடிப் பதிவை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு பதிவாகி 2005-இல் வந்த இளையராஜாவின் 'திருவாசகம்' நம் எல்லோர் கைக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதில் வயோலா எவ்வளவு கேட்கிறது, எப்போது கேட்கவில்லை என்று மட்டும் கவனித்தால்கூட நிறைய விளங்கும்.

நமக்கே உரிய ஒரு சிக்கல் கமகம். இதற்கு அந்த லைப்ரரிகளின் கையேடுகளில் பதில் இல்லை.

தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தின் பக்கமிருந்து மத்திமத்தை நோக்கி அசைந்தபடியே இருப்பதுதான் அந்தச் சுரம். லைப்ரரியில் இருப்பதோ, ஒரே சுருதியில் நின்று, மேற்கத்திய முறையில் வைப்ரேட்டோ கொடுத்து வாசித்த ஒலி. பிட்ச் பென்ட் வீலை ஆட்டினால் அந்த வைப்ரேட்டோவும் சேர்ந்து மேலும் கீழும் இழுபடும். 16 பேர் வாசித்த ஒலி மொத்தமாக ஒரே கணத்தில் வளையும். எந்தக் குழுவும் அப்படி வளைவதில்லை. போர்ட்டமெண்ட்டோ லெகாட்டோவைக் கொண்டு சமாளிக்கலாம் என்று முயன்றவர்களும் உண்டு. அது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒரு முறை வழுக்குவது, அசைவு அல்ல. இந்த ஒலிகளைக் கொண்டு கமகம் செய்ய முயலாதீர்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. மோகனம், ஹம்சத்வனி, சங்கராபரணத்தின் நேர்ச்சுரப் பிரயோகங்கள் போன்றவற்றை ஸ்ட்ரிங்ஸ் பகுதியால் தாங்க முடியும். மேற்கத்திய மெட்டுகளில் அமைந்த முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு சுவரங்களே அதற்கு முன்னுதாரணம். கனமான ராகம் என்றால், குழு கீழே சுருதியையும் நகரும் பாஸையும் எதிர்நடையையும் பிடித்துக்கொள்ளட்டும். ராகத்தின் வரியை ஒரு மனிதர் வாசிக்கட்டும். வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர் என்று பாலுசுவாமி தீட்சிதரைச் சொல்கிறோம். இருநூறு ஆண்டுக் காலமாக அந்த வாத்தியத்தில் கமகம் பேசவைத்த கைகள் நம் ஊர்த் தெருக்களில் இருக்கும்போது, அதைச் சக்கரத்தை உருட்டிச் செய்யப் பார்ப்பது வீண்.

தனித்தனி ட்ராக்கில் எழுதுவதால் இன்னொரு பலனும் இருக்கிறது. இன்று சென்னையில் இருந்துகொண்டே புடாபெஸ்ட், ஸ்கோப்யே நகரங்களின் இசைக்குழுக்களை இணையம் வழியாக நேரலையில் கேட்டு, திருத்தம் சொல்லி, பதிவுசெய்துகொள்ளும் வழக்கம் நம் திரையிசையில் உண்டு. உங்கள் படத்துக்கும் ஒரு நாள் அந்தப் பட்ஜெட் வரும். அன்று அவர்கள் கேட்பது வாத்தியம் வாத்தியமாகப் பிரித்த ஸ்கோர். ஒவ்வொரு வரியும் தனி ட்ராக்கில் இருந்தால் மிடியை நோட்டேஷன் மென்பொருளுக்கு அனுப்பிச் சீர்செய்வது எளிது. என்சாம்பிள் பேட்ச்சில் அழுத்திய கார்டுகள் என்றால் யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு சுரத்தையும் யாருக்கு என்று பிரிக்க வேண்டும். அவர் பிரிக்கும்போது அந்த ஆர்கெஸ்ட்ரேஷன் உங்களுடையதாக இருக்காது. வாத்தியங்களின் எல்லையையும் இப்போதே பழகுங்கள். வயலினின் மிகத் தாழ்ந்த தந்தி நடு 'சி'க்குக் கீழுள்ள 'ஜி', வயோலாவுக்கு அதற்கும் கீழுள்ள 'சி', செல்லோவுக்கு இன்னும் ஒரு ஸ்தாயி கீழே. டபுள் பாஸுக்குத் தாளில் எழுதுவது ஒரு ஸ்தாயி மேலே, ஒலிப்பது கீழே. ஸ்கோர் எடுக்கும்போது இதை மறந்தால் பாஸ் வரி முழுவதும் தவறான ஸ்தாயியில் போய்ச் சேரும். மிக்ஸ் செய்பவருக்கும் ஸ்ட்ரிங்ஸ், பித்தளை, மரக்காற்று, தாளம் என்று தனித்தனி ஸ்டெம்களாகக் கொடுங்கள். வசனம் வரும்போது பித்தளையை மட்டும் தணிக்க அவருக்கு வழி வேண்டும்.

டெம்ப்ளேட் முடிந்ததும் உடனே பெரிய காட்சிக்கு எழுத உட்காராதீர்கள். நான்கு பகுதி கொண்ட ஒரு சிறு வரியை முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ என்று ஒவ்வொன்றாக வாசித்துப் பதிவுசெய்யுங்கள். ஒவ்வொன்றையும் தனியாகக் கேளுங்கள். இரண்டாம் வயலின் வரி தனியாகக் கேட்டாலும் பாடக்கூடியதாக இருக்கிறதா? வயோலா வாசிப்பவர் அதை விரும்பி வாசிப்பாரா? ஆம் என்று பதில் வரும்வரை மாற்றி எழுதுங்கள். அப்போது அந்த 200 எம்பி இலவச ஒலியே உங்களுக்குப் போதுமானதாகத் தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சாம்பிள்கள் வந்தபின் நம் ஊரில் வயலின், செல்லோ கலைஞர்களுக்குப் பதிவு வாய்ப்புகள் சுருங்கின. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் அதைக் கொஞ்சமாவது மாற்றும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் அடுத்த படத்தின் பட்ஜெட் எவ்வளவு சிறிதாக இருந்தாலும், அதில் ஒரு பங்கை ஒரே ஒரு வயலின் கலைஞருக்கு என்று முதலிலேயே ஒதுக்குங்கள். முதல் வயலின் வரியை நோட்டேஷனாக எழுதி முன்கூட்டியே அவருக்கு அனுப்புங்கள். அவர் வாசிப்பதை உங்கள் ட்ராக்கின் மேல் மெல்லக் கலந்தாலே வில் உரசும் ஓசையும் சுரங்களுக்கிடையேயான சிறு சிறு பிசகுகளும் சேர்ந்து குழு முழுவதையும் உயிர்ப்பிக்கும். பெயர் கிடைக்கும், வாய்ப்பு வரும் என்று சொல்லி இலவசமாக வாசிக்கச் சொல்லாதீர்கள். பேசிய ஊதியத்தை அன்றே கொடுங்கள், டைட்டிலில் அவர் பெயரைப் போடுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் இதே வேலையைச் செய்துவரும் ஓர் இசை ப்ரோக்ராமர்